லாடத்துக்கு முன்னும் பின்னும்: குதிரைக் குளம்பைப் பார்த்துக்கொள்ளும் விதம்

குதிரையின் காலைத் தூக்கிப் பார்க்க முதலில் பழகிக்கொள்ளுங்கள். லாடத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். லாடம் அடிப்பவர் ஆறு வாரத்துக்கு ஒரு தரம், தள்ளிப்போனால் எட்டு வாரத்துக்கு ஒரு தரம் வந்து போவார். நடுவில் இருக்கிற நாளெல்லாம் அந்த நான்கு குளம்புகளும் நம் பொறுப்பு. கோளாறு முற்றிப்போய் நொண்டிக்கொண்டு வரும் குதிரைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆதங்கமாக இருக்கும். தினமும் யாராவது கால் தூக்கிப் பார்த்திருந்தால் முன்கூட்டியே தெரிந்திருக்குமே என்று.

நான் லாடம் அடிப்பவள் அல்ல, குதிரைகளைப் பராமரிப்பவள். லாடக்காரர் குனிந்து வேலை செய்யும்போது தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். அப்படி நின்று கேள்வி கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதும், கால்நடை மருத்துவர்கள் சொல்லிக்கொடுத்ததும்தான் இங்கே எழுதுவது. லாடம் அடிக்க நான் கற்றுத்தரப் போவதில்லை. குதிரை வைத்திருப்பவர் கண்ணாலும் கையாலும் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

தூக்குவதும் பார்ப்பதும்

குதிரையின் தோளை ஒட்டி, அதன் வால் பக்கம் பார்த்து நில்லுங்கள். நேர் பின்னால் ஒருபோதும் நிற்காதீர்கள். தோளில் கை வைத்து, வைத்த கையை எடுக்காமல் காலின் பின்புறமாகத் தடவிக்கொண்டே கீழே வாருங்கள். கணுவுக்கு மேலே பின்பக்கம் லேசாகக் கிள்ளி, அதற்குப் பழகிய ஒரு சொல்லைச் சொல்லுங்கள். எங்கள் குதிரைகளுக்கு "தூக்கு" என்றால் போதும். எடையை மற்றக் கால்களுக்கு மாற்றிக்கொள்ள அதற்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும், அதைக் கொடுங்கள். வெடுக்கென்று இழுத்தால் அதுவும் எதிர்த்து இழுக்கும். தூக்கிய காலை வெளிப்பக்கமாக இழுக்காமல் உடம்புக்கு நேர் கீழேயே பிடித்துக்கொள்ளுங்கள். வயதான குதிரையானால் இன்னும் தாழ்த்திப் பிடியுங்கள். மூட்டு மடங்க வலிப்பதால் பல கிழக் குதிரைகள் காலை உதறும். அதைத் திமிர் என்று நினைத்து அடிப்பவர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்காது.

குளம்புக்குள் அடைந்த மண்ணையும் சாணத்தையும் கொக்கியால் எடுக்கும்போது குதிப் பக்கத்திலிருந்து முனைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போங்கள். எதிர்த்திசையில் இழுத்தால் கொக்கி மெத்தென்ற இடத்தில் குத்திவிடும். அந்த மெத்தென்ற இடத்தைத்தான் ஃபிராக் என்கிறார்கள். குதியில் அகன்று, முனையை நோக்கிக் கூர்ந்து போகும் முக்கோணம் அது. அதன் இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் ஒரு சின்னக் குழிவு. சுற்றி வரும் கெட்டியான விளிம்பு குளம்புச் சுவர், நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டின்தான். சுவருக்கு உள்ளே சற்றுக் குழிந்திருப்பது அடித்தளம். சுவரும் அடித்தளமும் சேரும் இடத்தில் மெல்லியதாக, மஞ்சள் கலந்த வெள்ளை நிறத்தில் ஒரு கோடு ஓடும். கொக்கியோடு இருக்கும் பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்தால் அது தெரியும். இந்த வெள்ளைக் கோட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஆணி அடிக்கும்போது எல்லாமே இதை வைத்துத்தான்.

சுத்தம் செய்ததும் மூக்கை வேலைக்கு விடுங்கள். நல்ல குளம்பில் மண் வாசனைதான் இருக்கும். அழுகல் நாற்றம் வந்தால் பள்ளங்களைப் பாருங்கள். கறுப்பாகப் பிசுபிசுவென்று ஏதாவது கொக்கியில் ஒட்டிக்கொண்டு வந்தால் அது த்ரஷ். காற்றுப் புகாத அழுக்கில் வளரும் பாக்டீரியாக்கள் ஃபிராக்கை அரித்துக்கொண்டு போவதுதான் இந்த நோய். நடுக்குழிவு ஆழமான பிளவாக மாறி, கொக்கியின் நுனி உள்ளே இறங்குகிறது, குதிரையும் சுளிக்கிறது என்றால் நோய் உள்ளே போயிருக்கிறது. அழுகிய சதையை லாடக்காரரோ மருத்துவரோ சீவி எடுக்க வேண்டும். பிறகு தினமும் கழுவி, ஈரம் போகத் துடைத்து, போவிடோன் அயோடின் நனைத்த துணித் துண்டைப் பள்ளத்தில் செருகி வைக்கலாம். சீக்கிரம் ஆற வேண்டும் என்று எரிக்கும் ரசாயனங்களை ஊற்றாதீர்கள். கெட்டுப்போன சதையோடு நல்ல சதையும் வெந்துபோகும். என்ன மருந்து போட்டாலும் நிற்கும் இடம் காய்ந்திருக்காவிட்டால் திரும்ப வரும். மூத்திரம் தேங்கிய தரையில் நிற்கும் குதிரைக்கு த்ரஷ் வந்தால், முதலில் மாற்ற வேண்டியது தரையில் போட்டிருக்கும் வைக்கோலை.

அடுத்தது கை வைத்துப் பார்ப்பது. நான்கு குளம்புகளின் சுவரிலும் புறங்கையை வைத்துப் பாருங்கள். வெயிலில் நின்ற குதிரைக்கு நான்குமே சூடாக இருக்கும், அதில் ஒன்றுமில்லை. ஒன்று மட்டும் தனியாகச் சுட்டால் அதைக் கவனிக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட நான் நம்புவது நாடித்துடிப்பை. கணு மூட்டின் பின்பக்கத்தில், இரண்டு ஓரங்களிலும் ரத்தக்குழாயும் நரம்பும் சேர்ந்து விரலுக்கடியில் உருளும். அங்கே இரண்டு விரல்களை லேசாக வைத்துக் காத்திருங்கள். அழுத்தினால் குழாய் அமுங்கி ஒன்றும் தெரியாது. ஓய்வில் இருக்கும் பெரிய குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 28 முதல் 44 தரம் துடிக்கும், அதனால் அவசரப்படக் கூடாது. நல்ல குளம்பில் இந்தத் துடிப்பு மிக மெல்லியதாக இருக்கும். தேடித் தேடியும் சில நேரம் கிடைக்காது, கிடைக்கவில்லை என்று கவலைப்பட வேண்டாம். குளம்புக்குள் வீக்கமோ சீழோ இருந்தால் தேட வேண்டியதே இல்லை, விரலை வைத்ததும் திம் திம் என்று அடிக்கும். குதிரை நன்றாக இருக்கும் நாளில் பழகினால்தான் அந்த வித்தியாசம் புரியும்.

என்னிடம் ஒரு செவலைப் பெண் குதிரை இருக்கிறது. ஒரு காலையில் அதன் இடது முன்குளம்பு மட்டும் சூடாக இருந்தது, நாடியும் பலமாக அடித்தது. ஆனால் நடையில் ஒரு குறையும் இல்லை. அன்றைக்கு சவாரியை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிட்டேன். அவர் வருவதற்குள் அது அந்தக் காலை ஊன்றவே மறுத்துவிட்டது. குளம்பைச் சோதிக்கும் இடுக்கியால் ஓரமாக அழுத்திக்கொண்டே வந்தார். முனைக்குச் சற்று வெளிப்புறத்தில் அழுத்தியதும் குதிரை காலை வெடுக்கென்று இழுத்தது. வெள்ளைக் கோட்டின் மேலேயே வளைந்த கத்தியால் மெல்லச் சுரண்டினார். ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. அதன் வழியே போனதும் சாம்பல் நிறத்தில் தண்ணீராகச் சீழ் பீறிட்டது. அந்த நாற்றத்தை ஒரு தடவை முகர்ந்தால் மறக்காது. குதிரை தலையைத் தாழ்த்தி, உதட்டை நக்கி, காலைக் கீழே ஊன்றியது. திடீரென்று கால் முறிந்தது மாதிரி நொண்டும் குதிரைகளில் நிறைய பேருக்கு உள்ளே இருப்பது இந்தச் சீழ்க்கட்டிதான். முறிவா சீழா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

லாடம் வேண்டுமா?

குளம்புச் சுவர் மாதத்துக்கு ஏறக்குறைய 6 முதல் 10 மில்லிமீட்டர் வளர்கிறது. மயிர் முடிகிற விளிம்பில் இன்று உருவானது முனைக்கு வந்து தரையைத் தொட 9 மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். வளர்வதைவிட வேகமாகத் தேய்ந்தால் லாடம் வேண்டும். கல் ரோட்டிலும் தாரிலும் நாள் முழுக்க வேலை செய்யும் குதிரைக்கு அது தேவைப்படலாம். அடித்தளம் மெலிந்த குதிரைக்கும், சுவர் உடைந்து உடைந்து போகும் குதிரைக்கும், குளம்பிலோ காலிலோ நோய் உள்ள குதிரைக்கும் தேவைப்படலாம். மண் தரையில் மேய்ந்து எப்போதாவது சவாரி போகும் குதிரைக்கு பெரும்பாலும் தேவையில்லை. லாடம் இல்லாவிட்டாலும் சீவி, ராவி விடுவது ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு தரம் நடக்கத்தான் வேண்டும்.

பல காலம் லாடத்தோடு இருந்த குதிரைக்கு அதைக் கழற்றினால் உடனே சுகமாக நடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அடித்தளம் தடிக்க மாதக்கணக்கில் ஆகும். அதுவரை கரடான தரைக்குப் போகும்போது மட்டும் குளம்புக்கு மாட்டும் பூட்ஸ் போட்டுவிடலாம், இப்போது நல்லவை வருகின்றன. லாடத்திலேயே எஃகு நீடித்து உழைக்கும். அலுமினியம் எடை குறைவு, சீக்கிரம் தேயும், பந்தயக் குதிரைகளுக்கு அதைப் போடுவார்கள். ஆணி பிடிக்கவே இடமில்லாத அளவு சுவர் சிதைந்த குதிரைக்குப் பசையால் ஒட்டும் லாடம் இருக்கிறது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இரும்பு இன்னும் தடிமனாக இருக்கிறதே, இன்னொரு மாதம் போகட்டும் என்று தள்ளிப்போடுகிறவர்கள் நிறைய. லாடம் தேயவில்லை என்பதுதான் அங்கே பிரச்சினையே. அடியில் இரும்பு இருப்பதால் குளம்பு தேயாமல் வளர்ந்துகொண்டே போகிறது. முனை நீண்டு, குதி தாழ்ந்து, ஒவ்வொரு அடிக்கும் காலின் பின்புறத் தசைநாண் கூடுதலாக இழுபடுகிறது. அதே லாடத்தைக் கழற்றி, குளம்பைச் சீவி, திரும்ப அடித்தால் போதும். ஆனால் நேரத்துக்கு அடிக்க வேண்டும்.

லாடக்காரர் வரும் நாள்

குதிரையைக் கட்டுவதற்கு முன்பே, கெட்டியான சமதரையில் நடத்திக் காட்டுங்கள். நல்ல லாடக்காரர் அதைத்தான் முதலில் கேட்பார். பக்கவாட்டில் நின்று பார்த்தால், கணுவிலிருந்து கீழே இறங்கும் சரிவும் குளம்பின் முன்புறச் சரிவும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். சீவிய பிறகு அந்தக் கோடு முன்பைவிட நேராகியிருக்கிறதா என்று திரும்பவும் பாருங்கள்.

குளம்புக்கு ஏற்றபடி லாடத்தை வளைக்க வேண்டும். சின்ன லாடத்தை வைத்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குளம்பு முனையை அரத்தால் ராவித் தள்ளுவதை நான் பார்த்திருக்கிறேன். முடிந்ததும் பார்வைக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் ராவிய இடத்தில் சுவர் மெலிந்துபோகும், அடுத்த தரம் ஆணி பிடிக்காது. பழுக்கக் காய்ச்சிய லாடத்தைக் குளம்பில் வைத்ததும் புகை கிளம்பினால் பயப்பட வேண்டாம். அது உணர்ச்சியில்லாத பகுதி, சில நொடிதான் வைப்பார்கள். எங்கே சரியாகப் படியவில்லை என்று அந்தக் கருகல் காட்டிக்கொடுக்கும்.

ஆணி அடிக்கும்போது பேச்சை நிறுத்திவிட்டுக் கவனியுங்கள். ஒரு லாடத்துக்குப் பொதுவாக ஆறு முதல் எட்டு ஆணிகள். லாட ஆணியின் நுனி ஒரு பக்கம் சாய்வாகச் சீவப்பட்டிருக்கும். அந்தச் சாய்வு உள்பக்கம் பார்த்தபடி அடித்தால் ஆணி வெளிப்பக்கமாக வளைந்து சுவரைத் துளைத்துக்கொண்டு வரும். மாற்றி அடித்தால் உயிர்ச் சதைக்குப் போய்விடும். ஆணி இறங்க வேண்டியது வெள்ளைக் கோட்டின் வெளி ஓரத்தில், அதற்கு உள்ளே அல்ல. லாடத்துக்கு மேல் ஏறக்குறைய ஒரு விரற்கடை உயரத்தில், அதாவது 2 சென்டிமீட்டர் அளவில், நுனி வெளியே வர வேண்டும். ரொம்பத் தாழ வந்தால் சுவர் பிளந்து லாடம் கழன்றுவிடும். கெட்டியான சுவரில் இறங்கும் ஆணியின் சத்தம் அடிக்க அடிக்கக் கணீரென்று ஏறும். மந்தமாக, மெத்தென்று கேட்டால் அனுபவசாலி உடனே நிறுத்தி ஆணியைப் பிடுங்குவார். ஒரு குறிப்பிட்ட ஆணிக்கு மட்டும் குதிரை துள்ளினால் அதட்டாமல் அந்த ஆணியை எடுக்கச் சொல்லுங்கள். ரத்தம் வந்தால் ஓட்டையைக் கிருமிநாசினியால் கழுவி, ஆணி இல்லாமல் காலியாக விட்டு, மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். குதிரைக்கு டெட்டனஸ் மிக எளிதில் தொற்றும். அந்தத் தடுப்பூசி தவறாமல் போட்டிருக்க வேண்டும்.

குளம்பின் மிக அகலமான இடத்துக்குப் பின்னால் ஆணி வரக் கூடாது. காலை ஊன்றும்போது குதிப் பக்கம் சற்றே விரிந்து, தூக்கும்போது சுருங்கும். அதிர்வைத் தாங்குவதும், கீழே வந்த ரத்தம் மேலே திரும்ப உதவுவதும் அந்த அசைவுதான். குதியில் ஆணி அறைந்தால் அசைவு நின்றுவிடும். ஆனால் லாடத்தின் இரு கைகளும் குதியின் கடைசி வரை வந்து தாங்க வேண்டும். நடுவிலேயே நின்றுவிட்டால் அடுத்த சில வாரங்களில் குதியை அழுத்தத் தொடங்கும்.

வேலை முடிந்ததும் மடக்கிய ஆணி நுனிகளின் மேல் கையை ஓட்டிப் பாருங்கள். ஒரே வரிசையாக, வழவழப்பாக இருக்க வேண்டும். லாடத்துக்கும் சுவருக்கும் நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது. நடத்தி, மெல்ல ஓடவும் விட்டுப் பார்த்த பிறகுதான் லாடக்காரரை அனுப்புங்கள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் சூடும் நாடியும் பாருங்கள். சதையை நெருக்கி நிற்கும் ஆணி அப்போதுதான் தன் வேலையைக் காட்டும்.

லாடம் ஆடினால்

நடக்கும்போது ஒரு காலில் மட்டும் டக்கென்று வேறு சத்தம் கேட்கும். பாதி கழன்று திரும்பிக்கொண்ட லாடத்தோடு குதிரையை நிற்க விட்டால் நீட்டிய ஆணியின் மேலேயே அது மிதிக்கும். லாடக்காரர் வரும்வரை காத்திருக்க முடியாது, அதனால் கழற்றுவது எப்படி என்று நல்ல நாளிலேயே அவரிடம் கேட்டுச் செய்து பழகுங்கள். முதலில் மடக்கிய ஆணி நுனிகளை அரத்தால் ராவி எடுத்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் இழுத்தால் சுவர் துண்டு துண்டாகப் பெயரும். அப்புறம் லாடத்தின் குதிப் பக்கத்தில் இடுக்கியின் வாயை நுழைத்து, பிடியைக் குளம்பின் நடுவையும் முனையையும் நோக்கி அமுக்குங்கள். வெளிப்பக்கமாக ஒருபோதும் நெம்பாதீர்கள். ஒரு பக்கம் கொஞ்சம், மறுபக்கம் கொஞ்சம் என்று மாறி மாறி முனை வரை வந்தால் ஆணித் தலைகள் தூக்கிக்கொள்ளும். அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிடலாம். பிடுங்கிய ஆணிகளை எண்ணி, லாடத்தின் ஓட்டைகளோடு சரிபாருங்கள். வைக்கோலில் விழுந்த ஒரு ஆணி இன்னொரு குதிரையின் காலுக்குள் போகும். குளம்பைப் பஞ்சு வைத்துச் சுற்றி, அகலமான ஒட்டுநாடாவால் கட்டி, லாயத்திலேயே நிறுத்தி வையுங்கள்.

வெளியில் கிடந்த ஆணி அடித்தளத்திலோ ஃபிராக்கிலோ ஏறியிருந்தால் கை பரபரக்கும், ஆனால் முடிந்தவரை பிடுங்காதீர்கள். குதிரையை அசையாமல் நிறுத்தி மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஆணி உள்ளே இருக்கும்போது எக்ஸ்ரே எடுத்தால்தான் எலும்பையோ மூட்டையோ தொட்டிருக்கிறதா என்று தெரியும். மிதித்து மிதித்து இன்னும் உள்ளே இறங்கிவிடும் நிலை என்றால் மட்டும், போன இடத்தையும் ஆழத்தையும் சாய்வையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு பிடுங்கலாம்.

லேமினைட்டிஸ்

இதற்கு மட்டும் நான் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க மாட்டேன். குளம்புக்குள் இருக்கும் எலும்பும் வெளிச் சுவரும், இரண்டு கை விரல்களையும் கோத்துக்கொண்டது போல, மெல்லிய மடிப்புகளால் பிணைந்திருக்கின்றன. குதிரையின் மொத்த எடையும் அந்தப் பிணைப்பில்தான் தொங்குகிறது. அது வீங்கி, விட்டுப்போகத் தொடங்கினால் எலும்பு திரும்பி, கீழே இறங்கிவிடும்.

தானிய மூட்டையை அவிழ்த்து வயிறு முட்டத் தின்ற குதிரை, சர்க்கரைச் சத்து மிகுந்த இளம்புல்லில் மேயும் கொழுத்த குதிரை, குட்டி போட்டு நஞ்சுக்கொடி விழாத குதிரை, இன்சுலின் கோளாறு உள்ள குதிரை, இவற்றுக்கெல்லாம் வரலாம். ஒரு காலில் அடிபட்டு, மறுகாலிலேயே எடையைத் தாங்கி நிற்கும் குதிரைக்கும் வரும். 2006-ல் கென்டக்கி டெர்பி பந்தயத்தை வென்ற பார்பரோ என்ற குதிரைக்கு அப்படித்தான் நடந்தது. முறிந்த பின்னங்காலுக்கு அறுவை சிகிச்சை செய்த பிறகு மற்றப் பின்னங்காலில் லேமினைட்டிஸ் வந்து, 2007 ஜனவரியில் கருணைக் கொலை செய்தார்கள். 1973-ல் அமெரிக்காவின் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்ற செக்ரடேரியட் என்ற குதிரைக்கும் 1989-ல் முடிவாக வந்தது இந்த நோய்தான்.

முன்னங்கால்களை முன்னே நீட்டி, பின்னால் சாய்ந்து நிற்கும். திரும்பச் சொன்னால் கால் எடுத்து வைக்கத் தயங்கும். நாடி பலமாக அடிக்கும். மருத்துவரைக் கூப்பிட்டுவிட்டு, அவர் வரும்வரை குளம்புகளைக் கணுவுக்கு மேல் வரை ஐஸ் தண்ணீரில் நிறுத்துங்கள். தானியத்தை நிறுத்துங்கள், தரையில் ஆழமாக மெத்தென்று பரப்பிவிடுங்கள். நடந்தால் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் நடத்தாதீர்கள்.

தீவனத்தைப் பற்றிச் சுருக்கமாக: நல்ல புல்லும் சமச்சீரான தாது உப்பும் போதுமானவை. குளம்பு உதிரும் குதிரைக்கு பயோட்டின் என்ற வைட்டமினை நாளுக்கு 15 முதல் 20 மில்லிகிராம் கொடுப்பார்கள். புதுக் குளம்பு வளர்ந்து இறங்க வேண்டும் என்பதால் பலன் தெரிய ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். செலினியம் கலந்த மருந்துகளை மட்டும் கேட்காமல் கொடுக்காதீர்கள், அளவு மீறினால் குளம்பே கழன்று போகும். மேலே பூசும் எண்ணெய் பளபளப்புக்குத்தான். சேறாவதும் காய்வதுமாக மாறி மாறி வரும் தரைதான் வெடிப்புக்கு முக்கியக் காரணம். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியும் வாசலிலும் சேறு கட்டாமல் சரளை போட்டுவிட்டால் வெடிப்பு கணிசமாகக் குறையும்.

குட்டி இருந்தால் முதல் வாரத்திலிருந்தே காலைத் தொட்டுப் பழக்குங்கள். ஒன்று, இரண்டு மாதத்தில் லாடக்காரர் அதைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கணு மூட்டின் கோணலைச் சரிசெய்ய முதல் மூன்று மாதம்தான் நல்ல காலம். முதலில் சில நொடி தூக்கினால் போதும், உடனே கீழே வைத்துவிடலாம். ஆனால் அது உதறுகிற நேரத்தில் விடாதீர்கள். அடங்கி நின்ற பிறகு நீங்களாக மெல்ல இறக்கி வையுங்கள். குளம்பின் அடியைக் கையால் தட்டுங்கள், அப்புறம் கொக்கியின் பின்புறத்தால் தட்டுங்கள். சுத்தியலின் அதிர்வு அதற்குப் புதிதாக இருக்கக் கூடாது.